அகதிக்குச் சோறா, தொழிலா?

நாடிழந்து நம் வாசலுக்கு வந்த ஒருவனுக்கு நாம் செய்யக் கடமைப்பட்டது என்ன? பசித்த வயிற்றுக்குச் சோறு, தலைக்கு மேல் கூரை, மானத்தை மறைக்க ஆடை என்று எவரும் உடனே பதில் சொல்லிவிடுவர். இதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் நாற்பது நாள் சோறு போட்ட பிறகு, நாற்பத்தோராவது நாள் என்ன செய்வது? வருடம் ஒன்று கழிந்த பிறகு? பத்து வருடம் கழிந்த பிறகு? இங்கேதான் நல்லவர்களும் தடுமாறிப் போகின்றனர். கொடுப்பவரின் கை சலித்து விடுகிறது. வாங்குபவரின் முகம் சுருங்கி விடுகிறது.

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் அமைப்பு எடுத்த கணக்குப்படி, போராலும் கொடுமையாலும் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டவர்களின் தொகை 2024ஆம் ஆண்டின் இறுதியில் 12 கோடியே 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சூடான், சிரியா, ஆப்கானிஸ்தான், பாலஸ்தீனம், மியான்மரின் ரோஹிங்கியா மக்கள் என்று எண்ணிப் பார்த்தால், அவர்களில் எத்தனை பேர் நம்மோடு ஒரே கிப்லாவை நோக்குபவர்கள் என்பது விளங்கும். அவர்களுக்காகத் துஆச் செய்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் துண்டு விரித்து வசூலும் செய்கிறோம். அந்தப் பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்பதைப் பற்றி நாம் சிந்தித்ததுண்டா?

மேலை நாடுகளில் சிலர் இதற்கு ஒரு புதிய பதிலைக் கண்டிருக்கின்றனர். 2015ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 8 லட்சத்து 90 ஆயிரம் பேர் புகலிடம் தேடி ஜெர்மனிக்குள் வந்தனர். சிரியாவிலிருந்து வந்தவர்களே அவர்களில் அதிகம். அந்த வருடம் டென்மார்க்கைச் சேர்ந்த ஆன் கியர் ரீக்கர்ட் என்ற பெண்மணி பெர்லினில் ஓர் அகதி முகாமுக்குச் சென்றார். அங்கே பாக்தாதிலிருந்து வந்த ஓர் இளைஞரைச் சந்தித்தார். கம்ப்யூட்டர் படித்தவர், ஆனால் கையில் ஒரு லேப்டாப் இல்லாததால் கற்றதைப் பழக வழியின்றி இருந்தவர். தச்சனுக்கு உளி இல்லாத கதைதான்! இதைப் பார்த்துவிட்டு வந்த அந்தப் பெண்மணி, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘ரெடி’ என்ற பெயரில் ஒரு பள்ளியைத் திறந்தார். கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டர்க் கம்பெனிகளில் வேலை பார்ப்போர் தம் அலுவல் முடிந்த பிறகு வந்து ஊதியமின்றிப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். பின்னர் இப்பள்ளி ம்யூனிக்கிலும் டென்மார்க்கிலும் கிளை விட்டது. தாய்மார்கள் படிக்க வரும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தது.

இதே காலத்தில், 2016இல், ஆம்ஸ்டர்டாம் நகரில் ‘ஹேக் யுவர் ஃப்யூச்சர்’ என்ற பெயரில் ஒரு பள்ளி தோன்றியது. அங்கும் ஆசிரியர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள், பாடம் ஞாயிற்றுக்கிழமைகளில். 2017இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ‘பவர்கோடர்ஸ்’ தொடங்கியது. மூன்று மாதம் புரோகிராம் எழுதக் கற்பித்து, பிறகு ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்த்துவிடுவது அதன் முறை.

ஏன் கம்ப்யூட்டர்த் தொழில்? அதற்குக் காரணம் உண்டு. திமிஷ்கில் டாக்டராக இருந்தவர் பெர்லினில் ஊசி போட வேண்டுமானால் மொழித் தேர்வு, பட்டச் சான்று, உரிமம் என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புரோகிராம் எழுதுபவருக்கு அத்தகைய உரிமம் தேவையில்லை. திமிஷ்கில் எழுதப்படும் புரோகிராம் பாஷைதான் பெர்லினிலும் எழுதப்படுகிறது. அவருடைய தொழிற்சாலை ஒரு பையில் அடங்கிவிடும். அத்துடன் அந்நாடுகளில் அத்தொழிலுக்கு அப்போது ஆள் பற்றாக்குறையும் இருந்தது. இக்காரணங்களால் அகதிகளுக்கு அந்தக் கதவு மற்றக் கதவுகளைவிடச் சற்று அகலமாகத் திறந்திருந்தது.

இச்செய்தியைக் கேட்கும் ஒரு முஸ்லிமின் உள்ளம் உடனே மதீனாவை நோக்கித் திரும்பாமலிராது. மக்காவில் செல்வராயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்து சேர்ந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை ஸஃது இப்னு ரபீஉ (ரலி) என்ற அன்ஸாரித் தோழருக்குச் சகோதரராக்கினார்கள். ஸஃது (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தருவதாகச் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள், அவருடைய குடும்பத்திலும் பொருளிலும் பரக்கத் உண்டாகத் துஆச் செய்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: சந்தை எங்கே இருக்கிறது? பனூ கைனுகா சந்தை காட்டப்பட்டது. தயிர்க்கட்டியும் நெய்யும் விற்று லாபத்துடன் திரும்பினார்கள். சில நாட்களில், ஒரு பேரீச்சங்கொட்டையின் எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்துத் திருமணமும் முடித்துவிட்டார்கள். புகாரி ஷரீஃபில் பதிவான நிகழ்ச்சி இது.

இந்த நிகழ்ச்சியை நாம் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறோம். பெரும்பாலும் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் தன்மானத்தை எடுத்துக்காட்டவே சொல்வோம். ஆனால் இதில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை மறந்து விடுகிறோம். ஒருவர் சந்தையைக் கேட்டார். ஊர்க்காரர்கள் சந்தையைக் காட்டினார்கள். வழி தெரியாத ஊரில் வழி காட்டுவதற்கு ஊர்க்காரர்தான் வேண்டும். சந்தை தனக்கு மட்டுமே உரியது என்று மதீனாவாசிகள் நினைத்திருந்தால், அந்தத் தன்மானம் முழுவதும் தெருவில் நின்றிருக்குமன்றோ!

இன்னும் ஒரு படி மேலே சென்று பாருங்கள். எங்கள் பேரீச்ச மரங்களை எங்களுக்கும் முஹாஜிர் சகோதரர்களுக்கும் பங்கிட்டுத் தாருங்கள் என்ற கருத்தில் அன்ஸாரிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். அண்ணலார் அதற்கு இணங்கவில்லை. மரங்களுக்கான உழைப்பில் முஹாஜிர்கள் சேர்ந்துகொள்வது, விளைந்த கனியில் இருவரும் பங்கு பெறுவது என்று முடிவாயிற்று. கொடை கூட்டாக மாறியது. வாங்குபவர் பங்காளியாக உயர்ந்தார். இலவசப் பயிற்சிப் பள்ளி எதுவாயினும், அது போய்ச் சேரவேண்டிய இடம் இதுதான்.

நம் ஃபிக்ஹு நூல்களிலும் இதற்கு வழிகாட்டல் உண்டு. ஏழைக்கு ஜகாத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்ற இடத்தில், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் ‘மஜ்மூஃ’ நூலில் ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பை விளக்குகிறார்கள். ஒருவனுக்குத் தொழில் தெரியுமானால், அத்தொழிலுக்குரிய கருவியை வாங்கும் அளவு கொடுக்கப்படும். அதன் விலை குறைவாயினும் சரி, அதிகமாயினும் சரி. வியாபாரியாயின் அவனுடைய வியாபாரத்துக்குத் தக்க முதல் கொடுக்கப்படும். காய்கறி விற்பவனுக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம் போதும். ரத்தின வியாபாரிக்கு, அதற்குக் குறைந்தால் போதாதென்னும் நிலையில், பத்தாயிரம் திர்ஹமும் கொடுக்கலாம் என்று உதாரணமும் காட்டப்படுகிறது. ஏழையை இன்று மட்டும் பசியாற்றி விட்டுவிடாமல், ஏழ்மையிலிருந்தே வெளியே கொண்டுவர வேண்டும் என்பதே இத்தீர்ப்பின் உயிர்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 676இல், அதாவது கி.பி. 1277இல், வஃபாத்தானார்கள். அவர்களுடைய சொந்த ஊரான நவா, சிரியாவின் தர்ஆ மாகாணத்தில் இருக்கிறது. 2011 மார்ச் மாதத்தில் சிரியாவின் கிளர்ச்சி வெடித்தது அந்த தர்ஆவிலேதான். அதைத் தொடர்ந்த போரில் அம்மாகாணத்து மக்களும் திக்குத் திக்காய்ச் சிதறினர். ஏழைத் தொழிலாளிக்குக் கருவி வாங்கிக் கொடுங்கள் என்று உலகுக்கு எழுதிவைத்த இமாமின் மண்ணிலிருந்து வந்தவர்கள், ஐரோப்பாவின் முகாம்களில் கருவியின்றி உட்கார்ந்திருந்தார்கள்! இதைப் படிக்கும்போது நமக்கு வெட்கம் வர வேண்டாமா?

இதுவரை சொன்னதைக் கேட்டு, ‘அப்படியானால் தொழில்தான் பதில், சோறு போடுவது சோம்பேறித்தனத்தை வளர்க்கும்’ என்று எவரேனும் முடிவு கட்டிவிட்டால், அது பெரும் பிழை. இக்காலத்தில் இப்பேச்சு அதிகமாகக் காதில் விழுகிறது. அகதிகளை ஏற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் அவர்கள் நமக்குப் பயன்படுவார்கள் என்கிறார்கள் நல்லெண்ணம் படைத்தவர்கள். அகதிகளை விரட்ட வேண்டும், ஏனென்றால் அவர்கள் நமக்குச் சுமை என்கிறார்கள் மற்றவர்கள். இருவரும் சண்டையிடுவதுபோல் தோன்றினாலும், இருவர் கையிலிருப்பதும் ஒரே தராசு. மனிதனை அதில் நிறுத்து, இவனால் லாபமா நஷ்டமா என்று பார்க்கிறார்கள். அப்படியானால் கண் தெரியாத கிழவிக்கு என்ன பதில்? போரில் கால் இழந்தவனுக்கு? நான்கு குழந்தைகளுடன் நிற்கும் கைம்பெண்ணுக்கு? மனம் உடைந்து போய், பாடத்தில் கருத்துச் செல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் வாலிபனுக்கு?

அல்லாஹ் தஆலா சூரா தவ்பாவின் 6ஆம் வசனத்தில், இணைவைப்போரில் ஒருவன் அபயம் தேடி வந்தால் அவனுக்கு அபயம் அளிக்குமாறும், இறைவாக்கைக் கேட்கச் செய்து, பின் அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்குமாறும் கட்டளையிடுகிறான். போர்க்காலத்துச் சட்டம் இது. வந்தவன் ஈமான் கொள்ள வேண்டும் என்றுகூட நிபந்தனை இல்லை. அவனுக்கு என்ன தொழில் தெரியும், அவனால் மதீனாவுக்கு என்ன வருமானம் என்ற கேள்விக்கு அங்கே இடமேயில்லை. அபயம் என்பது பயனுக்குக் கொடுக்கும் விலையன்று. அது மனிதனாய் வந்து நின்றவனுக்குரிய உரிமை.

மதீனாப் பள்ளியின் திண்ணையை நினைத்துப் பாருங்கள். வீடுமின்றி, குடும்பமுமின்றி, பொருளுமின்றி வந்தவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அஹ்லுஸ் ஸுஃப்பா என்று அவர்களை அழைக்கிறோம். ஹிஜ்ரி 7இல் யமன் தேசத்து தவ்ஸ் கோத்திரத்திலிருந்து வந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்தத் திண்ணையில் இருந்தவர்களே. முஹாஜிர்கள் சந்தையிலும் அன்ஸாரிகள் தம் நிலபுலன்களிலும் ஈடுபட்டிருந்த நேரத்தில், தாம் வயிறு நிறைந்தால் போதுமென்று நாயகம் (ஸல்) அவர்களை விட்டு அகலாதிருந்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சந்தைக்குப் போகாத இவரால் ஊருக்கு என்ன லாபம் என்று அன்று எவராவது கணக்குப் பார்த்திருந்தால்? இன்று நம்மிடம் இருக்கும் ஐயாயிரத்துக்கும் அதிகமான ஹதீஸ்களின் கதி என்ன? சந்தைக்குப் போன அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்கும் இடம் இருந்தது. சந்தைக்குப் போகாத அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கும் இடம் இருந்தது. அதனால்தான் அது மதீனா.

அப்படியானால் சோறா, தொழிலா? இதற்குத் தெளிவான விடை, அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சியில் கிடைக்கிறது. அறிவிப்பாளர் வரிசையில் சிலர் பலவீனம் கண்டிருப்பினும், அதன் கருத்தைச் சட்ட அறிஞர்கள் எடுத்தாண்டிருக்கின்றனர். யாசகம் கேட்டு வந்த ஓர் அன்ஸாரியின் வீட்டிலிருந்த துணியையும் பாத்திரத்தையும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்றார்கள். ஒரு திர்ஹமுக்கு உணவு வாங்கிக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னார்கள். மற்றொரு திர்ஹமுக்குக் கோடரி வாங்கிவரச் சொன்னார்கள். அதற்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார்.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதல் திர்ஹம் சோற்றுக்கு. இரண்டாவது திர்ஹம் கோடரிக்கு. கோடரியால் சம்பாதித்துக் காட்டு, பிறகு உன் பிள்ளைகளுக்குச் சோறு என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. சோறு கொடுத்தாயிற்று, இனி உன் பாடு என்றும் கைகழுவவில்லை. முதல் திர்ஹம் நிபந்தனையற்றது. இரண்டாவது திர்ஹம் அவசியமானது. ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க எவருக்கும் உரிமையில்லை.

இரண்டாவது திர்ஹமை மறந்தால் என்ன நேரும் என்பதைக் காண நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 1990 அக்டோபரில் இலங்கையின் வடபுலத்திலிருந்து, நம் தாய்மொழியையே பேசும் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களில் பெரும்பாலோருக்குப் புத்தளம் புகலிடமாயிற்று. புத்தளத்து முஸ்லிம்கள் அன்ஸாரிகளாய் நின்று வீட்டையும் பள்ளிவாசலையும் திறந்துவிட்டனர். அது என்றும் மறக்கத் தகாத நன்றி. வந்தவர்கள் வியாபாரிகள், தையற்காரர்கள், விவசாயிகள், மீனவர்கள். தொழில் தெரிந்தவர்கள், ஆனால் கடையும் இயந்திரமும் வயலும் படகும் வடக்கிலேயே நின்றுவிட்டன. நிவாரண அரிசியில் வருடங்கள் ஓடின. நாளாக நாளாக, வேலைக்கும் நிலத்துக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் இரு சாராரிடையே போட்டி உண்டாகி மனக்கசப்பும் தலைகாட்டியது. மனிதர்கள் கெட்டவர்கள் என்பதனால் அன்று. முதல் திர்ஹம் வந்த அளவுக்கு இரண்டாவது திர்ஹம் வரவில்லை என்பதனால்.

பயிற்சிப் பள்ளிகளின் குறைகளையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பயிற்சி என்பது வேலையன்று. ஜெர்மனியில் புகலிடம் கோரியவர் முதல் மூன்று மாதங்களுக்கு வேலை செய்யச் சட்டமே தடை போடுகிறது. முகாமில் வைக்கப்பட்டிருந்தவருக்கு அத்தடை இன்னும் நீண்டதும் உண்டு. கோடரியைக் கையில் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் நுழையாதே என்பதுபோல் அல்லவா இது! மேலும், கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதும் காலம் இன்று வந்துவிட்டது. தொடக்க நிலையிலுள்ளவர்கள் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை அதுவே செய்துவிடுகிறது. எல்லாரையும் ஒரே தொழிலில் தள்ளுவது அறிவுடைமையன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விவசாயம், நெசவு, தையல் போன்ற தொழில்களைப் பர்ளு கிஃபாயா என்று எழுதியிருக்கிறார்கள். ஊருக்குத் தேவையான எந்த ஹலாலான தொழிலுக்கும் அந்தக் கண்ணியம் உண்டு. கம்ப்யூட்டர் இன்றைய கோடரிகளில் ஒன்று. ஒரே கோடரி அன்று.

ஆயினும் கற்றுக் கொடுத்ததற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கொடுத்த பணம் செலவாகிவிடும். கொடுத்த வீட்டை மறுபடியும் குண்டு வந்து தகர்க்கலாம். கைக்குள் இருக்கும் தொழிலை எந்த எல்லைக்காவலனும் பறிமுதல் செய்ய முடியாது. 2024 டிசம்பரில் சிரியாவில் அஸதின் ஆட்சி வீழ்ந்த பின்னர், பல லட்சம் பேர் தாயகம் திரும்பினர். தங்கியவருக்கு அங்கே உதவும் தொழில், திரும்பியவருக்கு இங்கே உதவும். பெர்லினில் சொல்லிக் கொடுத்த பாடம் திமிஷ்கைக் கட்டியெழுப்பப் பயன்படுமானால், அது கொடுத்தவருக்கும் நஷ்டமன்று.

இனி, நம் குடும்பங்கள் செய்யத்தக்கது என்ன?

முதலாவது, ஜகாத். தகுதியுள்ள ஏழை முஸ்லிமுக்கு, அவர் கற்ற தொழிலுக்குரிய லேப்டாப்பையோ தையல் இயந்திரத்தையோ அவருக்கே சொந்தமாக்கிக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறும். இரவலாகக் கொடுத்தால் நிறைவேறாது. பள்ளிக் கட்டிடத்துக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் கொடுப்பதை ஹனஃபி மத்ஹபு ஜகாத்தாக ஏற்பதில்லை. உரியவருக்கு உடைமையாக்குதல் அங்கே நிபந்தனை. அவற்றுக்கு ஸதகாவிலிருந்து கொடுங்கள். ஸதகாவுக்கு மத வேறுபாடும் தடையில்லை. கைதிக்கு உணவளிப்போரை அல்லாஹ் குர்ஆனில் புகழ்கிறான். அக்காலத்தில் முஸ்லிம்களின் கையிலிருந்த கைதிகள் யார் என்பதை நாம் அறிவோம். உங்கள் ஊரிலுள்ள ஆலிமிடம் விபரம் கேட்டு, உங்கள் மத்ஹபின்படி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, அறிவின் ஜகாத். வெளிநாடுகளில் கம்ப்யூட்டர்த் தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகள் ஏராளம். வாரத்தில் ஒரு மாலையை இத்தகைய பள்ளிக்குக் கொடுக்கும்படி அவர்களுக்கு எழுதுங்கள். கூலி வாங்காமல் பாடம் சொல்வது நம் முன்னோரின் சொத்து. அதை மற்றவர்கள் எடுத்து நடத்த, நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

மூன்றாவது, எல்லாவற்றிலும் கடினமானது: சந்தையைக் காட்டுதல். பயிற்சிக்குப் பணம் தர ஆள் கிடைக்கும். பயின்று வந்தவனைத் தன் கடையில் அமர்த்தத் துணிபவர் குறைவு. முதலாளியாக இருக்கும் சகோதரர்கள் தங்கள் உள்ளத்தைத் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும். ஒரு நாற்காலி கொடுப்பது ஆயிரம் ரூபாய் கொடுப்பதைவிடக் கனமாக இருப்பதேன்?

இவை அனைத்திலும் சொல்லிக்காட்டுதல் என்ற விஷம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று சூரா பகராவின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. இலவசமாகக் கற்றவன் வாழ்நாள் முழுவதும் தலைகுனிந்து நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சொல்லிக்காட்டுதலின் ஒரு வகையே.

கைபர் வெற்றிக்குப் பிறகு முஹாஜிர்களுக்கு வசதி வந்தது. அன்ஸாரிகள் கனியுண்ணக் கொடுத்திருந்த பேரீச்ச மரங்களை அப்போது அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அன்ஸாரிகள் கடனாக எழுதி வைத்திருக்கவில்லை. முஹாஜிர்கள் இலவசம்தானே என்று வைத்துக்கொள்ளவுமில்லை. கொடுத்தவர் மறந்தார், வாங்கியவர் மறக்கவில்லை. ஒரு சமுதாயம் உயர்வது இப்படித்தான்.

நாடிழந்தோர் அனைவருக்கும் அல்லாஹ் தஆலா அமைதியான இருப்பிடத்தையும், ஹலாலான ரிஜ்க்கையும் தந்தருள்வானாக! முதல் திர்ஹமை முகம் சுளிக்காமலும், இரண்டாவது திர்ஹமைச் சலிக்காமலும் கொடுக்கும் கைகளாக நம் கைகளை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.